மயிலாப்பூருக்கு வந்த வெனிஸ்காரர்

சாந்தோம் பேராலயத்துக்கு இரண்டு கோபுரங்கள். கச்சேரி சாலை வழியாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 155 அடி உயரமுள்ள பெரிய கோபுரத்தைத்தான். ஆனால் விஷயம் சின்னதில் இருக்கிறது. புனித தோமையாரின் கல்லறை அதன் நேர் கீழே.

இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1893 முதல் 1896 வரை எழுப்பப்பட்டது. அதற்கு முன் அங்கே நின்றது போர்த்துக்கீசியர் 1523இல் கட்டியது. அந்தப் போர்த்துக்கீசியருக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கல்லறையை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் இத்தாலியர்கள்.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கடல்வழியே ஊர் திரும்பியபோது, 1292 வாக்கில், பாண்டியர் ஆட்சியிலிருந்த நம் கரையைத் தொட்டார். பிறகு ஜெனோவா சிறையில் கிடந்தபோது, உடனிருந்த பீசா நகரத்து ருஸ்திகெல்லோவிடம் பயணக் கதையைச் சொல்லி எழுத வைத்தார். மயிலாப்பூர் அதில் ஒரு சிற்றூர். ஆள் நடமாட்டம் குறைவு, வியாபாரிகளை இழுக்கச் சரக்கும் இல்லை. இருந்தும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள். தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப் போய், காய்ச்சல்காரருக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

போலோ சொல்லும் மரணக் கதையும் வேறு. நம் ஊரில் வழங்குவது ஈட்டிக் கதை. அவர் கேட்டதோ அம்புக் கதை: தோப்பில் தோமையார் ஜெபித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் மயில்கள், ஒருவன் மயிலுக்குக் குறிவைத்த அம்பு அவர் விலாவில் பாய்ந்துவிடுகிறது. அம்பாள் மயிலாக வந்து ஈசனைப் பூசித்த தலத்தில், அப்போஸ்தலரைச் சுற்றியும் மயில்கள்! ஊரார் கதைகள் மதம் பார்த்து ஒதுங்குவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதிலொரு வேடிக்கை உண்டு. மயிலாப்பூரில் தோமையாரின் உடல் இருக்கிறது என்று போலோ சொன்னபோது, அவருடைய எலும்புகள் இத்தாலியிலேயே இருப்பதாக ஓர்த்தோனா என்ற துறைமுக ஊர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வெனிஸ் இருக்கும் அதே அட்ரியாட்டிக் கரைதான். எலும்புகளை ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எடெஸ்ஸாவுக்குக் கொண்டுவந்ததாக நான்காம் நூற்றாண்டுப் புலவர் எப்ரேம் பாடியிருக்கிறார். எடெஸ்ஸா இன்று துருக்கியில் இருக்கிறது. அங்கிருந்து அவை கிரேக்கத்தின் கீயோஸ் தீவுக்குப் போயின. 1258இல் லியோனே என்ற ஓர்த்தோனா மாலுமி, கிரேக்க எழுத்து பொறித்த கல்லறைப் பலகையோடு அவற்றைக் கப்பலேற்றினார் என்பது அவ்வூர் மரபு. எலும்பு போனது பற்றி மயிலாப்பூர்க்காரர்கள் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. மண் இருந்தது, போதும்.

போலோ வந்த அதே காலத்தில்தான் மோன்தெகொர்வினோவின் ஜான் என்ற துறவி சீனாவுக்குப் போகிற வழியில் பதின்மூன்று மாதம் இங்கே தங்கினார். உடன் வந்த பிஸ்தோயா ஊர் நிக்கோலஸ் இங்கேயே இறந்து, தோமையார் கோயிலிலேயே அடக்கமானார். மதுரையில் காவி உடுத்தித் தமிழ் எழுதிய தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியும், கண் பார்வை மங்கிய முதுமையில், 1656இல் இதே மயிலாப்பூரில்தான் காலமானார்.

ஓர்த்தோனா கோயிலை 1943 டிசம்பர்ச் சண்டை நொறுக்கிவிட்டது. பக்கத்து வில்லா கிராண்டேயில் அப்போது ஜெர்மானியரோடு மோதியது எட்டாவது இந்தியப் படைப்பிரிவு. கோயிலைத் திரும்பக் கட்டிய பிறகு, 1953இல் தோமையாரின் கை எலும்பு ஒன்று ஓர்த்தோனாவிலிருந்து இந்தியா வந்தது. மயிலாப்பூருக்கு அல்ல; கேரளத்துக் கொடுங்கல்லூருக்கு.

அடுத்த வாரம்: சென்னையில் குடியேறி வைத்தியம் பார்த்த இன்னொரு வெனிஸ்காரர், மனுச்சி.