சுடாமல் ஜெயித்தவர்!

1981, ஜூன் 27. அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிகர் என்ற சின்ன ஊர். ஊரை ஒட்டி அடர்ந்த காடு. அதற்குள் பன்னிரண்டு ஆண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துப்பாக்கி. பாக்கெட்டில் வரைபடம், திசைகாட்டி. யாருக்கும் யாரும் நண்பர் இல்லை. கண்ணில் பட்டால் சுடலாம்!

பயப்படாதீர்கள். துப்பாக்கிக்குள் இருந்தது ஈயம் அல்ல... பெயின்ட்!

ஆட்டத்தின் விதி எளிமையானது. காட்டுக்குள் நான்கு இடங்களில் நான்கு நிறங்களில் கொடிகள். ஓர் இடத்துக்கு ஒன்றாக நான்கையும் எடுத்துக்கொண்டு, உடம்பில் பெயின்ட் படாமல், முதலில் வெளியே வருகிறவர் வின்னர். பெயின்ட் பட்டால் அவுட். அவ்வளவுதான்.

பன்னிரண்டு பேரும் சாமானியர்கள் அல்ல. வியட்நாம் போரில் காட்டுக்குள் ரோந்து போனவர் ஒருவர். அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர். சினிமா தயாரிப்பாளர், அலபாமா விவசாயி, பங்குச்சந்தை ஆசாமிகள், பத்திரிகைக்காரர்கள் என்று கலவையான கூட்டம். இவர்களில் யார் ஜெயித்திருப்பார்? வியட்நாம் வீரர் என்று சொல்லத் தோன்றுகிறது, இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் அந்தத் துப்பாக்கியின் பூர்வ கதையைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால், இன்றைக்கு யாராவது உங்களிடம் 'பெயின்ட்பால் விளையாட எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?' என்று கேட்டால், சரியான பதில் கடையில் இல்லை. இந்தக் கதையில்தான் இருக்கிறது!

முதலில், அதைத் துப்பாக்கி என்று சொன்னாலே விளையாட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் அகராதியில் அதன் பெயர் 'மார்க்கர்'. அதாவது, அடையாளம் போடும் கருவி. ஏதோ கௌரவத்துக்காக வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே அது அடையாளம் போடத்தான் பிறந்தது!

மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுண்டன் என்ற ஊரில் நெல்சன் என்று ஒரு பெயின்ட் கம்பெனி. காட்டில் எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்று மரத்துக்கு மரம் பெயின்ட் அடித்து வைப்பார்களே... அந்த பெயின்ட் தயாரிப்பவர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதருக்கு நடுவில் எல்லாம் மரம் நிற்கும். ஒவ்வொன்றிடமும் நடந்துபோய் பெயின்ட் அடிப்பதற்குள் கால் கழன்றுவிடும். நின்ற இடத்திலிருந்தே பெயின்ட்டை எறிந்தால் என்ன? இந்த யோசனையில்தான் பிறந்தது மார்க்கர். மாட்டு மந்தைக்காரர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. தூரத்தில் நிற்கும் மாட்டின் முதுகில் ஒரு 'பட்!' அடையாளம் ரெடி!

சரி, பெயின்ட்டை எதில் அடைப்பது? பறக்கும்போது உடையக் கூடாது. பட்டவுடன் உடைய வேண்டும். விடை மருந்துக் கடையில் இருந்தது. மீன் எண்ணெய் மாத்திரை பார்த்திருப்பீர்கள். வழவழவென்று, உள்ளே திரவத்தோடு... அந்த ஜெலட்டின் உறைதான். டெட்ராய்ட்டில் ராபர்ட் ஷெரர் என்பவர் 1933-ல் அதற்கான இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய கம்பெனி மாத்திரைக்குப் பதில் பெயின்ட்டை அடைத்துக் கொடுக்க, பெயின்ட்பால் உருண்டை தயார். இன்றும் அதே ஜெலட்டின் தோல்தான்.

துப்பாக்கியைச் செய்ய முதலில் கிராஸ்மன் என்ற ஏர்கன் கம்பெனியோடு சேர்ந்து பார்த்தார்கள். சரியாகப் போணியாகவில்லை. பிறகு டெய்ஸி கம்பெனி. 1970-களில் அது செய்து கொடுத்த மாடலின் பெயர் நெல்ஸ்பாட் 007. பெயர்தான் ஜேம்ஸ்பாண்ட் ரேஞ்சுக்கு இருக்கிறதே தவிர, வேலை ரொம்ப நிதானம். பன்னிரண்டு கிராம் கரியமிலவாயு அடைத்த சின்ன உலோகக் குப்பிதான் அதன் பலம். ஒருமுறை சுட்டதும் பின்பக்கத்துக் கட்டையைக் கையால் இழுக்க வேண்டும். துப்பாக்கியைச் சற்றுச் சாய்த்தால்தான் அடுத்த உருண்டை உருண்டு வந்து உட்காரும். மறுபடி குறிபார்த்து... மரம்தான் ஓடப் போவதில்லையே!

ஓடுகிற இலக்கை அதன் முன்னால் நிறுத்தியவர்கள் மூன்று நண்பர்கள். சார்லஸ் கெய்ன்ஸ் ஒரு எழுத்தாளர், 'பம்ப்பிங் அயர்ன்' புத்தகத்தை எழுதியவர். ஹேய்ஸ் நோயல், நியூயார்க்கில் பங்கு வர்த்தகம் செய்தவர். மூன்றாமவர் பாப் கர்ன்ஸி, விளையாட்டுச் சாமான் கடைக்காரர். மூன்று பேருக்கும் ஒரு தீராத வாக்குவாதம். 'நகரத்தில் முட்டி மோதிப் பிழைத்தவன் காட்டிலும் பிழைப்பான்' என்பது நோயல் கட்சி. 'காடு தெரிந்தவன்தான் காட்டில் தாக்குப்பிடிப்பான்' என்பது கெய்ன்ஸ் கட்சி. பேசிப் பேசி அலுத்துப்போன நேரத்தில், பண்ணைச் சாமான்கள் விற்கும் கேட்லாக் ஒன்றில் நெல்ஸ்பாட் துப்பாக்கியின் படத்தைப் பார்த்தார் அவர்களுடைய நண்பர் ஒருவர். அப்புறம் என்ன? வாக்குவாதம் காட்டுக்குள் போய்விட்டது!

இப்போது ஹெனிகர் காட்டுக்குத் திரும்புவோம். அங்கே 'பட் பட்' என்று சத்தம். துரத்தினார்கள், சுட்டார்கள், சுடப்பட்டார்கள். ஒருவர் மட்டும் சத்தமே இல்லாமல் மரத்துக்கு மரம் நழுவினார். முதல் கொடி, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது... பூனைபோல வெளியே வந்து நின்றார். பெயர் ரிச்சி வைட். உடம்பில் ஒரு சொட்டு பெயின்ட் இல்லை. அது மட்டுமல்ல, அன்று முழுக்க அவர் ஒரு முறைகூடச் சுடவில்லை!

ரிச்சி வைட் என்ன தொழில் செய்தவர் தெரியுமா? காட்டு மரங்களைப் பராமரிக்கும் ஃபாரஸ்டர். அந்தத் துப்பாக்கி யாருக்காகத் தயாரிக்கப்பட்டதோ, அந்தத் தொழில்காரர்! அவருக்கு அது தேவைப்படவே இல்லை!

ஒரு விளையாட்டின் முதல் ஆட்டமே இப்படி ஒரு பாடத்தைச் சொன்னது. ஆனால், மனிதன் பாடத்தையா கேட்பான்? ஆட்டத்தில் கலந்துகொண்ட ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைக்காரர் அதைப் பற்றி எழுத, ஊரெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தது. கர்ன்ஸி இதையே தொழிலாக்கினார். 1982-லேயே கட்டணம் வாங்கும் மைதானங்கள் முளைத்தன. கூடவே ஆயுதப் போட்டியும் முளைத்தது.

கட்டையை இழுத்துச் சாய்க்கிற வேலை தொல்லையாக இருந்தது. முன்பக்கம் ஒரு பிடி வைத்து, சரக்கென்று இழுத்துத் தள்ளும் 'பம்ப்' வந்தது. இன்டியானாவில் டிப்மன் குடும்பம் நிஜ இயந்திரத் துப்பாக்கிகளைப் பாதி அளவில் செய்து விற்றுக்கொண்டிருந்தது. 1986-ல் அமெரிக்கச் சட்டம் அந்தத் தொழிலுக்குப் பூட்டுப் போட, அவர்கள் பெயின்ட்பால் பக்கம் திரும்பினார்கள். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் மாடலோடு நுழைந்து எல்லோரையும் கலங்கடித்தார்கள்.

கலிபோர்னியாவில் பட் ஓர் வேறு மாதிரி யோசித்தார். பம்ப்பைக் கை எதற்கு இழுக்க வேண்டும்? காற்றே இழுக்கட்டுமே! துப்பாக்கிக்கு முன்னால் குட்டி பிஸ்டன் ஒன்றைப் பொருத்தினார். 'ஆட்டோகாக்கர்' பிறந்தது. அதே 1990-ஐ ஒட்டி இல்லினாய்ஸில் டாம் கே என்பவர் 'ஆட்டோமேக்' கொண்டுவந்தார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள், நம்மூர் சினிமா ரசிகர்கள் மாதிரி! (டாம் கே பிற்பாடு டைனோசர் புதைபடிவ ஆராய்ச்சியில் இறங்கி, விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார் என்பது தனிக்கதை!)

1996-ல் ஸ்மார்ட் பார்ட்ஸ் கம்பெனியின் 'ஷாக்கர்'. இதில் பேட்டரி, சர்க்யூட், மின்சாரத்தில் திறக்கும் வால்வு எல்லாம் உண்டு. விசையை விரல் லேசாகத் தொட்டால் போதும். பின்னாலேயே இங்கிலாந்திலிருந்து 'ஏஞ்சல்' வந்தது. பெயர்தான் தேவதை, விலை ஆயிரம் டாலருக்கு மேல்! களமும் மாறியது. காடு போய், காற்றடைத்த தடுப்புகளை நிறுத்தி வைத்த புல்வெளி வந்தது. ஓடி ஒளிந்து ஐந்து நிமிடத்தில் முடியும் 'ஸ்பீட்பால்'.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. 1981-ல் பத்து உருண்டை கொண்ட ஒரு குழாய் ரொம்ப நேரம் வரும். எலெக்ட்ரானிக் மார்க்கர் நொடிக்குப் பத்து சுட்டால்? இருநூறு உருண்டை கொள்ளும் குடுவை இருபதே நொடியில் காலி! இரண்டாயிரம் உருண்டை கொண்ட முழுப் பெட்டி, மூன்று நிமிடம் இருபது நொடி! துப்பாக்கி வாங்க ஒரு முறைதான் செலவு. அதற்குத் தீனி போட ஒவ்வொரு வாரமும் செலவு.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு புது ஆள், வாடகைத் துப்பாக்கியோடு, பயந்து பயந்து மைதானத்துக்குள் வருகிறான். எதிரே ஆயிரம் டாலர் மார்க்கரோடு ஒருவர். ஒரு உருண்டை பட்டால் சுரீர் என்று வலிக்கும், சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடலாம். ஒரே நொடியில் பத்து பட்டால்? அவன் மறுவாரம் வர மாட்டான். புது ஆட்கள் வராத விளையாட்டு எத்தனை நாள் தாங்கும்? அப்புறம் 2008-ல் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. ஷாக்கர் தந்த ஸ்மார்ட் பார்ட்ஸே 2010-ல் கடையைக் கட்டியது. போட்டி நடத்துபவர்களும் விழித்துக்கொண்டார்கள். நொடிக்குப் பதினைந்து என்று இருந்த வரம்பைப் படிப்படியாகப் பத்துச் சொச்சத்துக்கு இறக்கினார்கள்.

சரி, இப்போது நீங்கள் கடை வாசலில் நிற்கிறீர்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ 'எது வாங்கலாம்ப்பா?' என்று போனில் கேட்கிறான். என்ன சொல்வீர்கள்?

முதல் ரகசியம். விலை உயர்ந்த மார்க்கர் அதிக தூரம் சுடாது! மைதானத்துக்குள் நுழையும்போதே வேகம் அளக்கும் கருவி வைத்திருப்பார்கள். நொடிக்கு 300 அடி, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர். எந்தத் துப்பாக்கியும் அதைத் தாண்டக் கூடாது. பல மைதானங்களில் இன்னும் குறைவு. அதனால் நூறு டாலர் மார்க்கரும் ஆயிரம் டாலர் மார்க்கரும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் எறியும். கூடுதல் பணம் வாங்கித் தருவது வேகமான விசை, குறைந்த எடை, குறைந்த அதிர்வு, காற்றுச் சிக்கனம். இவைதான்.

இரண்டாவது, நீங்கள் எந்த மாதிரி ஆள்? ரிச்சி வைட் ஜாதியா? பதுங்கி, காத்திருந்து, ஒன்றே ஒன்று சுடுகிறவரா? உங்களுக்கு பம்ப் போதும். பெயின்ட் செலவும் சொற்பம். வேகத்தில் சலித்துப்போன பழைய ஆட்டக்காரர்கள் பலர் பம்ப்புக்கே திரும்பியிருக்கிறார்கள்! நண்பர்களோடு காட்டில் ஓடி விளையாட வேண்டுமா? பேட்டரி இல்லாத, அழுத்தினால் ஒன்று சுடும் சாதாரண மார்க்கர். 1998-ல் வந்த டிப்மன் 98 அந்த ரகம். சேற்றில் விழுந்தாலும் வேலை செய்யும், அதனால்தான் வாடகை மைதானங்கள் அதைக் கட்டிக்கொண்டன. புல்வெளிப் போட்டிதான் லட்சியமா? அப்போது மட்டும் எலெக்ட்ரானிக். ஆனால், அதற்குக் கரியமிலவாயு ஒத்துவராது. வேகமாகச் சுடும்போது அது குளிர்ந்து திரவமாகவே உள்ளே பாய்ந்துவிடும். உயர் அழுத்தக் காற்று சிலிண்டர் தனிச்செலவு. பழையது வாங்கினால் அதன் மேல் அடித்திருக்கும் பரிசோதனைத் தேதியைக் கட்டாயம் பாருங்கள். சின்னப் பையன்களுக்கா? அரை அங்குல உருண்டை சுடும் லேசான மார்க்கர்கள் வந்திருக்கின்றன. வலி குறைவு.

மூன்றாவதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பட்ஜெட்டில் முதல் ரூபாய் முகக் கவசத்துக்கு! பெயின்ட்பாலுக்கென்றே செய்த கவசம், தொழிற்சாலைக் கண்ணாடி அல்ல. மூன்று கிராம் உருண்டைதானே என்று அலட்சியம் வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். களத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கழற்றக் கூடாது. வியர்க்கிறது, மூடுபனி படிகிறது என்று ஒரு விநாடி தூக்கியவர்கள் வாழ்நாள் முழுக்க வருந்தியிருக்கிறார்கள். நல்ல கவசம் வாங்கிய பிறகு மிச்சம் இருப்பதுதான் மார்க்கருக்கு.

நான்காவது, அவசரப்படாதீர்கள். முதல் நான்கைந்து ஆட்டம் வாடகை மார்க்கரில் ஆடட்டும். தான் துரத்துகிற ஆளா, பதுங்குகிற ஆளா என்பது அதற்குள் அவனுக்கே தெரிந்துவிடும். அது தெரியாமல் வாங்கிய துப்பாக்கி, அளவெடுக்காமல் தைத்த சட்டை.

போன் வைப்பதற்கு முன்னால் மகனிடம் அந்த ஃபாரஸ்டர் கதையையும் சொல்லிவிடுங்கள். அன்று ஹெனிகர் காட்டில் பன்னிரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே மாடல் துப்பாக்கி. ஜெயித்தது அதுவா என்ன?