பதினொரு பிள்ளைகளும் ஒரு சிற்றூரும்

பிள்ளை பேசவில்லை; அழைத்தால் திரும்பவில்லை; தாயின் முகத்தை ஏறிட்டு நோக்கவில்லை. இதனைக் கண்டவுடன் முன்வினைப் பயன் என்பாரும், காத்துக் கருப்பென்று மந்திரிக்க அழைத்துச் செல்வாரும் நம்மிடையே இன்னும் உளர். மருத்துவ நூலார் இதனை ஆட்டிசம் என்பர். மூளையின் வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமையும் வேறுபாடு இது. எவர் செய்த பாவத்தாலும் வருவதன்று. இத்தகைய பிள்ளைகள் வளர்ந்து ஆளான பின் அவர்தம் வாழ்வு என்னவாகும்? இவ்வினாவிற்குச் சரித்திரம் தரும் விடையை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

அமெரிக்காவில் மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் ஃபாரஸ்ட் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1933-ஆம் ஆண்டில் டொனால்ட் டிரிப்லெட் என்னும் ஆண்மகவு பிறந்தது. தந்தையார் வழக்கறிஞர், தாயாரின் குடும்பம் அவ்வூர் வங்கிக்கு உரியது. குழந்தை எண்களில் இன்புறும், மனிதரை நாடாது. 1937-ல், மூன்று வயதிலேயே, மருத்துவர் யோசனைப்படி அவனை வீட்டினின்றும் அகற்றி ஒரு விடுதியிற் சேர்த்தனர். அக்காலத்தில் அதுவே முறையெனக் கருதப்பட்டது. பெற்றோர் மனம் பொறுக்கவில்லை. மறு ஆண்டே அவனை மீட்டு வந்து, பால்டிமோர் நகரில் லியோ கன்னர் என்னும் மருத்துவரிடம் காட்டினர்.

டொனால்டையும் அவனையொத்த வேறு பத்துப் பிள்ளைகளையும் ஆராய்ந்த கன்னர், 1943-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் தனியொரு நிலையென உலகிற்கு உணர்த்தியது அக்கட்டுரையே. ஆயின் ஒரு தீங்கும் உடன் வந்தது. பெற்றோரிடம் அன்பின் கனிவு குறைவென அவர் எழுதியதைப் பற்றிக்கொண்டு, தாயின் குளிர்ந்த நெஞ்சமே காரணம் என அறிஞர் பலர் பழி தூற்றினர். நம்மவர் விதியைச் சொன்னது போல அவர்கள் தாயைச் சொன்னார்கள்! பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பார், தாமே அத்தகைய மகனின் தந்தை, 1964-ல் எழுதிய நூலில் அக்கூற்றைத் தகர்த்தார். 1969-ல் கன்னரும் பெற்றோர் கூட்டமொன்றில் அவர்கள் மீது குற்றமில்லையென வெளிப்படையாகக் கூறினார்.

பின்னர் 1971-ல் அப்பதினொருவரும் என்ன ஆயினர் என்று கன்னர் தேடிப் பார்த்தார். அரசாங்க மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டோர் இருந்த திறனையும் இழந்து, மங்கிப் போயிருந்தனர். டொனால்டோ வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? ஒன்பதாம் வயதில் டொனால்டைப் பெற்றோர் அருகிலிருந்த ஒரு விவசாயத் தம்பதியரிடம் விட்டிருந்தனர். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணும் பழக்கம் அவனுக்குண்டு. அவர்கள் அதனைத் தடுக்கவில்லை. உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். அளப்பதில் அவனுக்குப் பித்து. கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லென்றார்கள். நேரில் சென்ற கன்னர், குதிரை பூட்டிய கலப்பையை அச்சிறுவன் செலுத்தும் நேர்த்தியைக் கண்டு வியந்தார். குறையெனப்பட்டதையே தொழிலுக்கு வழியாக்கிய அத்தம்பதியர் பெரும் பட்டம் பெற்றவரல்லர்.

டொனால்ட் 1958-ல் கல்லூரிப் பட்டம் பெற்றார். வங்கியில் நெடுங்காலம் பணியாற்றினார், கோல்ஃப் ஆடினார், தனியராகவே பல நாடுகளைச் சுற்றி வந்தார். ஊரார் அவருடைய விசித்திரங்களை எள்ளி நகையாடவில்லை. அவரைத் தம்முள் ஒருவராகவே கொண்டனர். 2023-ல், 89-ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே அவர் காலமானார். ஆட்டிசம் அவரை விட்டு நீங்கவில்லை. நீங்காமலே அவர் நிறைவாக வாழ்ந்தார்.

“அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை, வங்கியே தாய்வீட்டாருடையது. நமக்கு இஃது எப்படிப் பொருந்தும்?” என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. செல்வம் அவருக்கு உத்தியோகம் தந்தது, மெய்தான். ஆனால் அப்பதினொருவருள் பேச்சே வாராத ஒருவரும் ஒரு பண்ணையில் வளர்ந்து, பின்னர் அவ்வீட்டு அம்மையார் நடத்திய முதியோர் இல்லத்தில் உதவியாளராக விளங்கினார். அவருக்கு வாய்த்தது வங்கியன்று. ஏற்றுக்கொண்ட ஒரு வீடும், கைக்கு ஒரு வேலையுமே. ஒருவருக்குச் செல்வம் செய்ததை எல்லார்க்கும் செய்து தருவது சமூகத்தின் கடன்.

நம் நாடுகளிலும் முயற்சி இல்லாமலில்லை. மலேசியாவில் 1987-ல் தேசிய ஆட்டிசம் சங்கம் தோன்றியது. சிங்கப்பூரில் 2004-ல் பாத்லைட் பள்ளி தொடங்கப்பட்டது. ஆயினும் பள்ளிப் பருவம் சில ஆண்டுகளே. அதன்பின் உள்ள வாழ்வோ நெடியது. “எங்கள் காலத்திற்குப் பிறகு இவன் கதி என்ன?” என ஏங்கும் தாய்மார் தோட்டத்திலும் உளர், பட்டணத்திலும் உளர்.

அன்பர்களே! அவ்வீட்டின் கதவைத் தட்டுங்கள். விருந்திற்கு அழைக்கும்போது அப்பிள்ளையையும் பெயர் சொல்லி அழையுங்கள். கடை வைத்திருப்போர், பட்டறை நடத்துவோர், அவனுக்கு ஏற்ற ஒரு வேலையைத் தேடி ஒதுக்குங்கள். எண்ணுகின்றவனுக்கு எண்ணும் வேலையைக் கொடுங்கள். சோள வயலில் ஓர் உழவன் செய்ததை நாமும் செய்ய இயலாதா?