வகுப்பறைக்கு வெளியே ஒரு வயல்

'செயற்றிட்டம்' என்றதும் கடதாசி மட்டையும் பசையும், பிள்ளைக்காக இரவிரவாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரும்தான் நம் நினைவுக்கு வருவர். கல்வியியல் படித்தவர்கள் 1918 இல் இது குறித்து எழுதிய கில்பாட்ரிக்கின் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் சோளக்கொல்லையிலும் கோழிக்கூட்டிலும் இம்முறை நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதைச் செய்தவர் ரூஃபஸ் ஸ்டிம்சன். விவசாயம் படித்தவர் அல்லர்; ஹார்வார்டில் மெய்யியலும் யேலில் இறையியலும் கற்றவர். கனெக்டிகட் விவசாயக் கல்லூரியின் தலைவர் பதவியைத் துறந்து, 1908 இல் நோர்தாம்ப்டன் நகரில் புதிதாகத் தொடங்கிய ஸ்மித் விவசாயப் பாடசாலைக்குப் பொறுப்பாளராக வந்தார். அப்பாடசாலையின் பிறப்பும் விசித்திரமானது. 1845 இல் இறந்த ஒலிவர் ஸ்மித் என்ற செல்வந்தர், தாம் விட்டுச்சென்ற பணத்தின் ஒரு பகுதியை அறுபது ஆண்டுகள் வளரவிட்டு, பின்னரே விவசாயப் பாடசாலை அமைக்க வேண்டுமென உயில் எழுதியிருந்தார்!

பாடசாலைக்கென ஒரு பண்ணை வைத்து அதில் மாணவரை வேலை வாங்குவதே அக்கால வழக்கம். ஸ்டிம்சனுக்கு அது போதவில்லை. பாடசாலைப் பண்ணையில் விதை அழுகினால் நட்டம் பாடசாலைக்கு. மாணவனுக்கு மணி அடித்ததும் வீடு. ஆகவே ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு நிலத்திலேயே ஒரு பயிரையோ கால்நடையையோ பொறுப்பேற்க வேண்டும் என்றார். பெற்றோரின் சம்மதம் வேண்டும். வரவு செலவுக் கணக்கை மாணவனே எழுத வேண்டும். ஆசிரியர் வீடுதேடிச் சென்று பார்வையிட வேண்டும். பயிர் வளரும் கோடையில்தான் பாடசாலைக்கு நீண்ட விடுமுறை என்பதால், விவசாய ஆசிரியரைக் கோடையிலும் பணியில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. திட்டத்தின் உயிர் இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது என்பேன்.

தெற்கே இதே காலத்தில் சிறுவர் சோளக் கழகங்கள் பரவின. தென் கரோலினாவின் ஜெரி மூர் என்ற சிறுவன் 1910 இல் ஒரு ஏக்கரில் 228¾ புசல் சோளம் விளைவித்தான். நாட்டின் சராசரி அன்று 30 புசலுக்கும் குறைவு. அவனைச் சுற்றியிருந்த வளர்ந்த விவசாயிகள் என்ன நினைத்திருப்பார்கள்! அதே ஆண்டு, அதே மாநிலத்தில் மேரி குரோமர் என்ற ஆசிரியை சிறுமியருக்குத் தக்காளிக் கழகம் தொடங்கினார். ஒருத்திக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம்.

1917 பெப்ரவரியில் நிறைவேறிய ஸ்மித்-ஹியூஸ் சட்டம் ஸ்டிம்சனின் எண்ணத்தை நாடு முழுவதற்கும் விதியாக்கியது. அரசின் நிதியுதவியுடன் விவசாயம் கற்பவர் ஆண்டுக்கு ஆறு மாதமாவது மேற்பார்வையுடன் கூடிய பண்ணைப் பயிற்சி பெற வேண்டும்.

சொந்த நிலம் இல்லாதவன் எங்கே போவான்? வீட்டுத் திட்டம் என்பது நிலமுள்ள வீட்டுக்கான திட்டம். குத்தகைக் குடியானவரின் பிள்ளைக்கு, அதிலும் தெற்கின் கறுப்பினப் பிள்ளைக்கு, தகப்பனுக்கே உரிமையில்லாத மண்ணில் எதைத் தன் திட்டமென நடுவது? இனப் பாகுபாடு கோலோச்சிய தெற்கில் அவர்களது பாடசாலைகளும் வேறு, சங்கங்களும் வேறு. வெள்ளையின மாணவருக்கென 1928 இல் கன்சாஸ் நகரில் 'அமெரிக்காவின் எதிர்கால விவசாயிகள்' அமைப்பு உருவானது. கறுப்பின மாணவருக்கான 'அமெரிக்காவின் புதிய விவசாயிகள்' 1935 இல் டஸ்கீகியில் தேசிய அமைப்பாயிற்று. 1965 இல் இரண்டும் ஒன்றாயின என்பார்கள். உண்மையில் பின்னையது முன்னையதற்குள் கரைந்தது. அதன் பெயரும் சின்னமும் கறுப்பும் பொன்னிறமுமான மேற்சட்டையும் மறைந்தன. பெண்களுக்கு 1969 வரை தேசிய அமைப்பின் கதவு திறக்கவில்லை.

ஆறு மாத விதியை 1963 ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டம் தளர்த்தியது. பண்ணைகள் அருகி, நகரத்துப் பிள்ளைகளும் இப்பாடத்துக்கு வந்த காலம் அது. இன்று அங்கு விவசாய மாணவனின் திட்டம் ஒரு கடையில் செய்யும் வேலையாகவோ ஆய்வுகூடச் சோதனையாகவோ இருக்கலாம். கணக்குப் புத்தகத்தை மட்டும் இன்னும் அவனேதான் எழுதுகிறான்.