கூபே வாங்கணுமா? காரைவிட வரி பெருசு!

போர்ஷ 911 ஒன்று உறுமிக்கொண்டு போனால் திரும்பிப் பார்க்காதவர் யார்? விரைவுச்சாலையில் அதற்கும் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான், பக்கத்தில் போகும் குடும்பக் காரைப்போல. விலை மட்டும் வேறு ரகம்.

சிங்கப்பூரில் ஒரு கூபேயின் சந்தை மதிப்பு 200,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 2023இல் மாறிய விகிதப்படி, கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு. அப்புறம் படிப்படியாக ஏறும். 80,000 வெள்ளியைத் தாண்டிய பகுதிக்கு 320 விழுக்காடு! மொத்தம் 520,000 வெள்ளி. காரின் மதிப்பைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

தீர்வை, பொருள் சேவை வரி, சிஓஇ எல்லாம் தனி.

சிஓஇ 10 ஆண்டுக்குத்தான். அதற்குள் காரைப் பதிவிலிருந்து நீக்கினால் கட்டிய பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. காரை விட மனசில்லாமல் சிஓஇயைப் புதுப்பித்தால்? அந்தத் தொகை மொத்தமாகப் போச்சு.

அதனால்தான் பழைய கூபே சில நேரம் மலிவாகத் தெரிகிறது. வாங்குமுன், சிஓஇ புதுப்பிக்கப்பட்டதா, இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று கேளுங்க.