வட்டுக்கோட்டைச் செமினரியும் அதன் தலைவர்களும்

பாடசாலையின் சுவர்களைக் கொத்தர் எழுப்புவர். அதன் பண்பை எழுப்புபவர் அதிபரே. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அமெரிக்க மிஷனார் 1823ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வுயர்கல்விக்கூடம் 32 ஆண்டுகளே நிலைத்தது.

அதன் முதல் அதிபர் தானியேல் பூவர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அவர், தமிழை நன்கு கற்றுத் தேர்ந்தவர். கிறிஸ்தவ ஊழியரை ஆக்குவதே செமினரியின் முதல் நோக்கம். ஆயினும், வேதபாடத்தோடு ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாத்திரம் ஆகியனவும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஊராரின் மொழியை ஒதுக்காத அதிபரின் கீழ், இரு மொழிப் புலமை அக்கூடத்தின் வழக்கமாயிற்று.

1836இல் அப்பொறுப்பை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன் இன்னும் ஒருபடி சென்றார். தாம் ஏற்காத சமயத்தின் நூல்களையும் அவர் ஊன்றிக் கற்றார். சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றுக்கு அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1854இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. மறுப்பதற்காயினும் முதலில் கற்கவேண்டும் என்னும் ஒழுக்கத்தை அவர் தம் வாழ்விலேயே காட்டினார்.

மூன்றாவது தலைமை கடல்கடந்து வந்தது. 1855இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷன் சங்கச் செயலாளர் ரூபஸ் அண்டர்சன், ஆங்கிலக் கல்வி மாணவரை ஊழியத்துக்கன்றி உத்தியோகத்துக்கே இட்டுச் செல்கின்றது என்று கருதினார். அக்கருத்தை முற்றாக மறுத்தல் இயலாது. கற்றவர் பலர் உத்தியோகத்தையே நாடினர். ஆனால், ஊழியர் தொகை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டமையால், அக்கூடம் வளர்த்த அறிவு கணக்கில் சேரவில்லை. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது.

இரண்டே ஆண்டுகள் சென்றன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் பயின்றவர்களே. தாமோதரம்பிள்ளை பின்னர்ப் பழைய ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். வட்டுக்கோட்டையில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, மூடிய கதவு வேறொரு பெயருடன் மீண்டும் திறந்தது.

ஓர் ஆணையினால் பாடசாலையை மூடிவிடலாம். அதிபர் தம் கல்வியினால் மாணவர் உள்ளத்தில் ஊன்றிய பழக்கத்தை எந்த ஆணையாலும் மூடிவிட இயலாது.