வெளிநாட்டு உதவியும் வேரூன்றாத கட்சிகளும்

ஜனநாயகம் என்பது வாக்குப்பெட்டியுடன் நிறைவுபெறும் விடயமல்ல. மக்களின் விருப்பத்தைத் திரட்டி ஆட்சிக் கொள்கையாக மாற்றித் தரும் கட்சிகள் இல்லையேல் தேர்தல் வெறும் சடங்காகிவிடும். 1989 ஆம் ஆண்டு பேர்லின் சுவர் வீழ்ந்ததையடுத்து, கிழக்கு ஐரோப்பிய நாடுகள் எதிர்நோக்கிய பிரச்சினையும் இதுவே. சில மாதங்களுக்குள் அங்கு ஏராளமான கட்சிகள் தோன்றின. எனினும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிளைகளோ, அங்கத்தவர்களோ, அனுபவமோ இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பவே மேற்குலகம் முன்வந்தது.

இப்பணியில் ஜேர்மனியே முன்னோடியாகும். அந்நாட்டின் சமூக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த பிரெட்ரிக் ஏபேர்ட் மன்றமும், கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தைச் சார்ந்த கொன்ராட் அடனோவர் மன்றமும் அரச நிதியைப் பெற்று, பிற நாடுகளில் தமது கொள்கைக்கு இசைவான கட்சிகளுக்குத் துணைநிற்பவை. போர்த்துக்கலின் சோஷலிசக் கட்சி 1973 இல் ஜேர்மன் மண்ணிலேயே நிறுவப்பட்டு, மூன்று ஆண்டுகளில் ஆட்சியமைத்தமை இம்முறையின் மீது நம்பிக்கையை ஏற்படுத்தியது. ஐக்கிய அமெரிக்கா 1983 இல் ஜனநாயகத்துக்கான தேசிய நிதியத்தை ஆரம்பித்தது. அங்குள்ள இரு பெரும் கட்சிகளுடனும் தொடர்புடைய இரு நிறுவகங்கள் அதன் நிதியைப் பெற்றுச் செயற்பட்டன. பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் 1992 இல் உருவானது. வேட்பாளர்களுக்குப் பயிற்சி, கருத்துக்கணிப்பு, வீடு வீடாகச் செல்லும் பிரசார முறை, தேர்தல் கண்காணிப்பு என்பனவே இவை வழங்கிய உதவிகளாகும்.

இவ்வுதவி பயனற்றது என நாம் கூறமாட்டோம். ஸ்லோவாக்கியா அதற்கோர் எடுத்துக்காட்டு. பிரதமர் விளாடிமிர் மெச்சியாரின் எதேச்சாதிகாரப் போக்கினால் அந்நாடு 1997 இல் நேட்டோ விரிவாக்கத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதற்கட்டப் பேச்சுகளிலும் ஒதுக்கிவைக்கப்பட்டது. 1998 செப்டெம்பர் தேர்தலில், வெளிநாட்டு நிதியுதவியுடன் சிவில் அமைப்புகள் நடத்திய விழிப்புணர்வு இயக்கத்தின் மத்தியில், வாக்காளர்களில் ஏறத்தாழ 84 சதவீதமானோர் வாக்களித்தனர். மெச்சியாரின் கட்சி 43 ஆசனங்களுடன் முதலிடம் பெற்றபோதிலும், நான்கு எதிர்த்தரப்புக் கட்சிகள் 150 இல் 93 ஆசனங்களைக் கொண்டு ஆட்சியமைத்தன. 2004 இல் அந்நாடு நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இணைந்தது.

சேர்பியாவிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. ஒன்றுபட்டால் மிலோசெவிச்சை வெல்லலாம் என்பதை 1999 இல் புடாபெஸ்ட் நகரில் எதிர்க்கட்சித் தலைவர்களுக்குக் காட்டியது அமெரிக்க நிபுணர்களின் கருத்துக்கணிப்பேயாகும். 18 கட்சிகள் ஒரே அணியாகின. 2000 ஒக்டோபரில் மிலோசெவிச் வீழ்ந்தார்.

ஆனால் அதன் பின் நிகழ்ந்தவை என்ன? எதிரி அகன்றதும் சேர்பியக் கூட்டணி சிதறியது. 2003 மார்ச்சில் பிரதமர் சோரன் ஜின்ஜிச் படுகொலை செய்யப்பட்டார். அவ்வாண்டு டிசெம்பர் தேர்தலில் தீவிர தேசியவாதக் கட்சியே அதிக ஆசனங்களைப் பெற்றது. மிலோசெவிச் காலத்துத் தகவல் அமைச்சர் அலெக்ஸாண்டர் வுசிச் 2014 இல் பிரதமராகவும் 2017 இல் ஜனாதிபதியாகவும் உயர்ந்தார். ஸ்லோவாக்கியாவில் 1998 இன் பிரதான கூட்டணியின் வழிவந்த கட்சி, 2016 தேர்தலில் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. ருமேனியாவில் 1996 இல் வென்ற ஜனநாயகக் கூட்டணியோ நான்கே ஆண்டுகளில் பாராளுமன்றத்தை விட்டே மறைந்தது.

இதற்கு மாறாக, மேற்குலகின் அரவணைப்பு ஆரம்பத்தில் கிட்டாத பழைய கம்யூனிஸ்ட் கட்சிகளின் வாரிசுகள், போலந்தில் 1993 இலும் ஹங்கேரியில் 1994 இலும் மீண்டும் ஆட்சிக்கு வந்தன. கிராமங்கள் வரை நீண்டிருந்த கிளைகளும் பழக்கப்பட்ட தொண்டர்களும் அவற்றிடம் எஞ்சியிருந்தமை இதற்கொரு முக்கிய காரணமாகும். தேர்தலை வெல்லும் கலையைப் பட்டறையில் கற்பிக்கலாம். தோல்வியின் மறுநாளும் கட்சிக் காரியாலயத்தைத் திறந்துவைக்கும் தொண்டனைப் பட்டறையில் உருவாக்க முடியாது. அவனை உருவாக்குவது உள்ளூர்ப் பிரச்சினைகளில் மக்களுடன் நிற்கும் நெடுங்கால உழைப்பே.

உதவியால் வரும் கேடும் உண்டு. வெளிநாட்டு நிதி பெற்றோர் யாவரும் அந்நியரின் கைக்கூலிகள் என்ற குற்றச்சாட்டு, ரஷ்யா முதல் ஜோர்ஜியா வரை ஆட்சியாளர்களின் கையில் ஆயுதமாகியுள்ளது. ஜோர்ஜியா 2024 இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. மறுபுறம், கொடுப்பவரின் மனமும் மாறலாம். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்திய அமெரிக்கா, அவ்வாண்டு ஜூலை முதலாம் திகதியுடன் தனது சர்வதேச அபிவிருத்தி முகவரகத்தின் செயற்பாடுகளையே முடிவுக்குக் கொண்டுவந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தலை எறியலாகாது என்பது எமது முன்னோர் வாக்கு.

சமனற்ற களத்தில் போராடும் எதிர்க்கட்சிக்கு வெளியிலிருந்து கிடைக்கும் கரம் பெறுமதியானதே. ஆயினும் அங்கத்தவரின் சந்தாவிலும் உழைப்பிலும் வாழாத கட்சி, தேர்தல் முடிந்ததும் பிரிக்கப்படும் பந்தலைப் போன்றதே. கிழக்கு ஐரோப்பா கடந்த மூன்று தசாப்தங்களில் கற்றுத்தந்த பாடம் இதுவே என்பது எமது கருத்தாகும்.