காடும் கான்கிரீட்டும் ஒரே வயது

பெரிய பூங்காவை ஒட்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஜன்னலைத் திறந்தால் ஒரே பச்சை. இப்படி ஓர் இடத்தைப் படத்தில் பார்த்தால் என்ன நினைப்போம்? மரங்கள் பல நூறு வருடங்களாக நிற்கின்றன, கட்டடம்தான் பின்னால் வந்தது என்றுதானே! பெர்லினில் டியர்கார்டன் பூங்கா ஓரத்தில் இருக்கும் ஹன்ஸாஃபியர்டெல் படங்களைப் பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். படித்துப் பார்த்தால் கதையே வேறு.

பூங்கா பழையதுதான். அரசர்கள் வேட்டையாடிய காடு அது. 1742-ல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். பரப்பு ஏறத்தாழ 210 ஹெக்டேர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் ஓரத்தில் வசதியானவர்களின் பேட்டை ஒன்று உருவானது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். யூதக் குடும்பங்கள் நிறைய இருந்தன. 1966-ல் இலக்கிய நோபல் பெற்ற நெல்லி ஸாக்ஸ் வளர்ந்தது இங்கேதான். 1940-ல் அவர் தாயுடன் ஸ்வீடனுக்குத் தப்பினார். தப்ப முடியாத பலர் நாஜிகளின் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1943 நவம்பரில் விழுந்த குண்டுகளில் பேட்டையின் பெரும்பகுதி அழிந்தது. போர் முடிந்ததும் பூங்காவுக்கும் அதே கதிதான். குளிருக்கு எரிக்க நிலக்கரி இல்லை, மக்கள் மரங்களை வெட்டினார்கள். சுமார் 2 லட்சம் மரங்களில் மிஞ்சியது 700 அளவுதான்! வெறுமையான நிலத்தில் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிட்டார்கள். பசிக்கிறவனிடம் போய் மரத்தை வெட்டாதே என்று யார் சொல்வது?

1949 மார்ச் 17 அன்று மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் அங்கே ஒரு லிண்டன் கன்று நட்டார். அப்போது மேற்கு பெர்லினுக்கு வரும் தரைவழிகளை சோவியத் படைகள் அடைத்திருந்தன. உணவும் நிலக்கரியும் விமானத்தில் வந்த காலம். அடுத்த பத்தாண்டுகளில் மேற்கு ஜெர்மனியின் பல ஊர்கள் சுமார் 2.5 லட்சம் கன்றுகளைக் கொடுத்தன.

கன்றுகள் வளரும்போதே வீடுகளும் எழுந்தன. கிழக்கு பெர்லின் அரண்மனை மாதிரியான கட்டடங்களோடு 'ஸ்டாலின் வீதி'யைக் கட்டியிருந்தது. அதற்குப் பதிலாக மேற்கு பெர்லின் 1957-ல் 'இன்டர்பௌ' என்ற கட்டடக் கண்காட்சியை இங்கே நடத்தியது. வால்டர் குரோப்பியஸ், ஆல்வார் ஆல்டோ, ஆஸ்கர் நீமெயர் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் வடிவமைத்தார்கள். மூடிய தெருக்கள் இல்லை. கட்டடங்கள் தள்ளித்தள்ளி நிற்க, இடையில் புல்வெளி. நீமெயரின் கட்டடம் V வடிவக் கால்கள் மேல் நிற்கிறது. அதன் லிஃப்ட் தனிக் கோபுரமாக வெளியே இருக்கிறது, எல்லா மாடியிலும் நிற்காது!

யோசித்துப் பாருங்கள். 1957-ல் குடிவந்தவர்கள் ஜன்னலில் பார்த்தது காட்டை அல்ல, இளம் கன்றுகளை. இன்றைய நிழல் அவர்களோடு சேர்ந்து வளர்ந்தது. 1995-ல் இந்தக் குடியிருப்பைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

ஆனால் அந்தக் காற்றோட்டமான இடைவெளி சும்மா கிடைத்ததல்ல. அங்கே வீடுகள் இருந்தன, மனிதர்கள் இருந்தார்கள். மரத்தைத் திரும்ப நட முடிந்தது. அனுப்பப்பட்ட அண்டை வீட்டாரைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அழகான பூங்கா ஓரத்து வீட்டைப் பார்த்தால் இனி நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: இதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?